நோட்டீஸில் ஒரு வரி

மதுரைப் பக்கத்து நாடக நோட்டீஸைக் கையில் வாங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் யாரும் வெறும் பெயரோடு இருக்க மாட்டார்கள். கதாநாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் என்றால் ‘கந்தர்வக் குரலோன்’. நாரதர் வேடக்காரர் ‘தர்க்கச் சிங்கம்’. பபூன் ‘நகைச்சுவைத் தென்றல்’. ஆர்மோனியம் வாசிக்கிறவர் பெரும்பாலும் சக்கரவர்த்தி. இந்தப் பட்டங்களை யாரும் விழா எடுத்துக் கொடுத்ததில்லை. ஏஜென்ட் சொல்வார், இல்லையென்றால் நடிகரே போனில் சொல்வார், அச்சகத்தில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் மாமாவுக்கு மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகம். ட்ரெடில் மிஷின் ஓடிய காலத்திலிருந்து நாடக நோட்டீஸ்தான் அவருக்குச் சித்திரை, வைகாசிச் சோறு. பள்ளி விடுமுறைகளில் அங்கே உட்கார்ந்து புரூஃப் பார்த்துத்தான் எனக்கு இந்த உலகம் பழக்கமானது.

எந்தப் பட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வரியை மட்டும் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. ‘இன்னாரின் கலைவாரிசு’ என்ற வரி. அதற்குப் பிறந்திருக்க வேண்டும். போன சீசனுக்கு முன்னால் ஒரு பையன் அச்சகத்துக்கு வந்து, அந்த வரியை எடுத்துவிடச் சொன்னான். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். வரியைப் போடச் சொல்லிச் சண்டை போட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். எடுக்கச் சொல்லி வந்தவன் இவன்தான்.

பெயர் சொல்லப்போவதில்லை. அப்பா ராஜபார்ட், அம்மா கதாநாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் பாய் விரித்து நாடகம் பார்த்த எந்த அப்பத்தாவும் இருவரையும் குரலை வைத்தே சொல்லிவிடுவார். சினிமா ஆட்களுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. அது இங்கே பெரிய குறையும் இல்லை.

ஸ்பெஷல் நாடகம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பையனின் சிக்கல் புரியும். இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஊர்க்காரர்கள் ஏஜென்ட்டிடம் வந்து, ராஜபார்ட் இவர், ஸ்திரீபார்ட் அவர், பபூன் இன்னார் என்று தனித்தனியாகக் கேட்டு டேட் வாங்குவார்கள். ஒருவர் மதுரையிலிருந்து, இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து, மற்றவர் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து, அரிதாரம் பூசும் இடத்தில்தான் அன்றைக்கு எதிரே நிற்கப்போவது யார் என்று பார்ப்பார்கள். இரவு பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் தொடங்கினால் விடிகிற வரைக்கும் நாடகம். முன்பின் சேர்ந்து நடிக்காதவர்கள் எப்படி ஒரு ராத்திரியை ஓட்டுகிறார்கள் என்றால், எல்லோருக்கும் ஒரே பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும். ‘வள்ளி திருமணம்’ என்றால் மேலூரிலும் அதே வள்ளி, முதுகுளத்தூரிலும் அதே வள்ளி.

வாரிசுக்கு இங்கேதான் கஷ்டம். சினிமாவில் நடிகரின் மகன் வேறு கதையில் நடிப்பான், வேறு இயக்குநர், வேறு பாட்டு. “அப்பா மாதிரி இல்லை” என்று சொன்னால்கூட அது பொத்தாம்பொதுவான பேச்சு. ஸ்பெஷல் நாடகத்தில் மகன் அதே வேலன் வேடத்தில், அதே பாட்டை, அப்பா நின்ற அதே ஊர்ப் பொட்டலில் நின்று பாட வேண்டும். முன்வரிசைப் பாயில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். எந்த அடியில் அப்பா மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் மேல்ஸ்தாயியைப் பிடித்து நிறுத்துவார் என்று அவருக்கு மனப்பாடம். பையன் சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடினால், “அவுக அப்பன் இதை அஞ்சு கட்டையில பாடுனாருய்யா” என்று பக்கத்து ஆளிடம் சொல்வார். மேடைக்கே கேட்கும்.

பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுவதும் அந்தப் பெயர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் டேட் அதனால்தான் கிடைக்கிறது. நடிகர் வீட்டில் பிறக்காத ஒருவன் ஏஜென்ட் கடை வாசலில் எத்தனை நாள் நிற்க வேண்டியிருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். “பெற்றோர் நிழலிலிருந்து வெளியே வரப் போராடுகிறேன்” என்று பிரபலங்களின் பிள்ளைகள் பேட்டி கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான். வெயிலில் நிற்கிறவனுக்கு நிழலைப் பற்றிய குறை புரியாது. ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் எனக்கு எரிச்சல் வரவில்லை. இந்த ஊரில் நாடகக்காரன் பிள்ளைக்குக் கிடைக்கிற நிழல் வேறு ரகம்.

அவன் பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் ‘வியாபாரம்’ என்றுதான் இருந்தது. என்ன வியாபாரம் என்று பையன்கள் கேட்டால் ஒரு நாள் ஜவுளி, ஒரு நாள் அரிசி. மேடையில் அம்மாவைக் கண்டு கண்ணீர் விடுகிற அதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால், “கூத்தாடிகளுக்குக் குடுக்கிறதில்ல” என்று கதவைச் சாத்துவார்கள். ராத்திரியெல்லாம் வெளியூர், ஆண்களோடு மேடை, விடிந்து வீடு வருகிற பெண் என்றால் தெருவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாடகக்காரர்கள் பலரும் தங்கள் பிள்ளைகள் இந்தப் பக்கமே வந்துவிடக் கூடாது என்று கடன் வாங்கிப் படிக்க வைப்பது இதனால்தான். இவனும் பி.காம். முடித்தான்.

பரமக்குடிக்காரரான கமல்ஹாசனின் மகள் ஸ்ருதி ஹாசனும், சிறு வயதில் தான் யார் மகள் என்று தெரியாமலிருக்க வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த அப்பா, எல்லோருக்கும் தெரிந்த அம்மா சரிகா. கொஞ்ச நேரம் யாரோ ஒருத்தியாக இருந்து பார்க்கும் ஆசை. எங்கள் பையன் மறைத்தது கேலிக்குப் பயந்து. இரண்டும் மறைப்புதான். ஒன்றில் வெளிச்சம் கூசுகிறது, மற்றதில் ஊர் காறித் துப்புகிறது. ஸ்ருதி பிறகு நடிப்பு, இசை இரண்டையும் கையில் எடுத்தார். 2009-இல் அவர் முதன்முதலாக இசையமைத்த படமே அப்பா நடித்ததுதான். பின்னாளில் ஆங்கிலத்தில் தானே எழுதிப் பாடி வெளியிட்ட பாட்டுகளில்தான் அப்பா சாயல் இல்லாத ஸ்ருதியைப் பார்க்கலாம். அவை தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் போடும் பாட்டுகள் அல்ல. அதுதான் அவருக்கு வசதியோ என்னவோ.

இந்தக் கமல் குடும்பத்துக்கும் மதுரை நாடகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த சிறுவர்களில் டி.கே.எஸ். சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களில் டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. இவர்களுடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர், பெண் வேடக்காரர். மகன் வளர்ந்து பெரிய நடிகராகி, கடைசியில் எந்தப் பெயரில் நிலைத்தார் என்று பாருங்கள்: அவ்வை சண்முகம். அப்பா போட்டதும் பெண் வேடம், மகன் போட்டதும் பெண் வேடம். அவ்வை வேடத்துக்குப் பிறகு கண்ணுசாமிப் பிள்ளை மகன் என்ற அடையாளம் யாருக்கும் தேவைப்படவில்லை. அப்பா தொட்டதைத் தொடவே மாட்டேன் என்று அவர் ஓடியதாகத் தெரியவில்லை. அந்தச் சண்முகத்தின் குழுவில்தான் சிறுவன் கமல் நாடகம் கற்றார். 1996-இல் தான் பெண் வேடமிட்ட படத்துக்குக் குருவின் பெயரையே சாடையாக வைத்தார்.

சரி, எங்கள் பையனுக்கு வருவோம்.

படித்து முடித்துவிட்டு ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனான். கல்யாண வீடு, காதணி விழா, கட்சிக் கூட்டம். அங்கே யாருக்கும் அவன் அப்பாவைத் தெரியாது. அந்த இரண்டு வருஷம்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பான். சொந்தமாக மெட்டுப் போட்டு, கிடாரோடு யூடியூபில் சில பாட்டுகள் ஏற்றினான். அவன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: அந்தப் பாட்டுகள் சுமார்தான். சென்னையில் நூறு பையன்கள் அதே மாதிரி பாடுகிறார்கள், அதே கரகரப்பு, அதே மழை. அப்பா அம்மாவிடமிருந்து தப்பித்து எல்லோரையும் போல ஆவதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “தப்பிக்கிற அன்னைக்கு அதெல்லாம் தோணாதுண்ணே” என்றான். அதுவும் நியாயம்.

நாடகத்துக்கு அவன் திரும்பியது ஆர்மோனியம் வழியாக. ஒரு ஊரில் ஆர்மோனியக்காரர் வராமல் போக, அம்மாவின் நாடகத்துக்கு இவன் உட்கார்ந்தான். ஆர்மோனியக்காரர் வாசிக்க மட்டும் மாட்டார். பின்பாட்டும் பாட வேண்டும், நடிகர் எந்தப் பாட்டுக்கு எப்போது தாவினாலும் சுருதியோடு பின்னால் போக வேண்டும். ஸ்திரீபார்ட்டுக்கு மூச்சுப் பிடிக்காத இடத்தில் மேல் சங்கதியை இவர் எடுத்துக் கொடுத்து மறைப்பார். அன்றைக்கு அம்மா வள்ளியாகத் தினைப்புனத்தில் பாட, மகன் பக்கவாட்டில் உட்கார்ந்து அவர் குரலைத் தாங்கினான். குழந்தையாக இருந்தபோது ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் துண்டு விரித்துத் தூங்கிய பையன் என்பதால் எல்லாப் பாட்டும் காதிலேயே இருந்தது. ஊர்க்காரர்கள் ஆர்மோனியக்காரனை யார் மகன் என்று கேட்பதில்லை. அது அவனுக்குப் பிடித்துப்போனது.

வேடம் கட்ட வேண்டும் என்று வந்தபோது வேலனை விட்டுவிட்டு நாரதரைக் கேட்டான். அப்பாவுக்கு வருத்தம். “நாரதனுக்குப் பாட்டு கம்மிடா, வாய்தான் வேணும்” என்றாராம். அதனால்தான் கேட்டேன் என்றான் என்னிடம். ராஜபார்ட்டாக அப்பா வேலன், வேடன், விருத்தன் எல்லாம் கட்டியவர். நாரதராக மட்டும் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அந்த வேடத்தில் முன்வரிசைப் பெரியவருக்கு ஒப்பிட ஒன்றும் கிடையாது.

‘வள்ளி திருமண’த்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் ஒன்று உண்டு. தினைப்புனத்தில் பரண் மேல் நிற்கிற பெண்ணிடம் நாரதர் வந்து முருகனைப் பற்றிப் பேசுவதாகக் கதை. ஆனால் மேடையில் அது எங்கெங்கோ போகும். ஆண் உசத்தியா பெண் உசத்தியா, துறவி எதற்குக் கல்யாணத் தரகு பார்க்கிறார், இந்த ஊர்க் கண்மாயில் ஏன் தண்ணீர் இல்லை, எல்லாம் வரும். இரண்டு மணி நேரம்கூட ஓடும். சுவாமிகள் எழுதியது இங்கே ஒரு கோடு மட்டும்தான். மிச்சமெல்லாம் அந்த ராத்திரி அந்த இருவர் வாயிலிருந்து வருவது. எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. மடக்கிவிட்டால் ஊர் சிரிக்கும். இதில் அப்பா பெயர் ஒரு பைசாவுக்கு உதவாது.

திருப்புவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அவன் நாரதர் கட்டியதை நான் போய்ப் பார்த்தேன். வள்ளியாக வந்தவர் அனுபவசாலி. இவன் அம்மாவோடு ஒரே சமயத்தில் மேடை ஏறியவர். ஒத்திகை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அவர் எடுத்த எடுப்பில் கத்தியை வீசினார்.

“ஓய் சுவாமி, தம்புராவைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீரு. இது நீரு சம்பாதிச்ச தம்புராவா, இல்ல அப்பா வீட்டுத் தம்புராவா?”

ஊர் மொத்தமும் சிரித்தது. யாரைச் சொல்கிறார் என்று அங்கே தெரியாத ஆள் இல்லை. ஆர்மோனியக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். பையன் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“எங்க அப்பன் பிரம்மா, பெண்ணே. உலகத்துல எல்லார் தலையிலயும் எழுதுற ஆளு. சொந்தப் பிள்ளை தலையில எழுத மட்டும் மறந்துட்டாரு. அதான் வீடு வீடா வந்து வாயால பிழைக்கிறேன்.”

“அப்ப அம்மா?”

“அம்மா சரஸ்வதி. வீணையைக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டா. உனக்குச் சுருதி போதும், மிச்சத்தை நீயே பாடிக்கன்னு தம்புராவைக் கையில குடுத்துட்டா.”

கைதட்டல் அடங்க நேரமானது. ஆனால் வள்ளியும் சும்மா விடுகிற ஆள் இல்லை. “நான் மான் வயித்துல பிறந்தேன், நம்பிராசன் வீட்டுல வளர்ந்தேன். என் நோட்டீஸ்ல யாரு பேரைச் சாமி போடுவீரு?” என்று திருப்பிக் கேட்டார். அதற்கு இவனிடம் உடனே பதில் இல்லை. ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு நழுவினான். அந்தச் சுற்று வள்ளிக்குத்தான் என்பது என் தீர்ப்பு. நாரதர் பிரம்மாவின் பிள்ளை என்பது புராணம் கேட்ட எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில், அந்த நேரத்தில், அவனுக்குத்தான் வாய்த்தது. அவன் கிடார்ப் பாட்டுகளில் நான் தேடிக் கிடைக்காதது இங்கே தினைப்புனத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தது.

பாடகர்களுக்கு இப்படி ஒரு தர்க்க இடம் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன். டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் மதுரையில் பிறந்தவர். முனிச்சாலைப் பக்கம் 2023-இல் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவரே தொடக்கத்தில் தியாகராஜ பாகவதர் பாணியில் பாடித்தான் சினிமாவுக்குள் வந்தார். பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குரல். அவர் மகன்கள் மேடைக்கு வந்தபோது கூட்டம் அவர்களிடம் கேட்டது அப்பாவின் பாட்டை. தொண்டை ஒன்றாக இருந்துவிட்டால் ரசிகன் விடமாட்டான். தேனி மாவட்டம் பிரிவதற்கு முன் எங்கள் மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்து இளையராஜா வீட்டில் இரண்டு வழியும் நடந்தது. யுவன் 17 வயதில் இசையமைக்க வந்து அப்பா பக்கம் இல்லாத சத்தங்களைத் தேடிப் போனார். பவதாரிணி தேசிய விருது வாங்கியது அப்பா மெட்டில் பாடித்தான். அதனால் அந்தக் குரல் அவருடையதில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

நோட்டீஸ் வரிக்கு வருகிறேன். மாமா அந்த வரியை எடுத்து அடித்தார். வாட்ஸ்அப்பில் படம் போனதும் ஏஜென்ட் முதலில் கூப்பிட்டார். “அந்த வரிக்குத்தான் ஊர்ல காசு தர்றான், எடுத்தா டேட் குறையும்.” குறைந்தது. அப்பா பேசவில்லை, அம்மாவிடம் மட்டும், “என் பேரு அவனுக்குக் கூசுதாமா?” என்று கேட்டிருக்கிறார். ஆறேழு மாதம் வீட்டில் புகைந்தது. திருப்புவனத்துத் தர்க்கம் யாரோ எடுத்த செல்போன் வீடியோவில் சுற்றிய பிறகு, ஊர்க்காரர்கள் “அந்த பிரம்மா நாரதரு” என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். டேட் பழைய அளவுக்கு வந்ததா என்றால் இல்லை, பக்கத்தில் வந்திருக்கிறது.

வரியை எடுக்கச் சொன்னதற்கு அவன் வைத்திருந்த காரணம் நான் நினைத்தது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. “கலைவாரிசுன்னு அப்பா பேரை மட்டும் போடுறாங்கண்ணே. என் குரல் யாரு குரல்னு கேட்டுப் பாருங்க. அம்மா குரல். ஆர்மோனியத்துல உக்கார வெச்சது அம்மா. அவங்க பேரு எங்க?” மாமாவின் பழைய நோட்டீஸ் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஸ்திரீபார்ட்டின் மகன் என்று யாரையும் போட்டதில்லை. போட்டோ பெரியதாக இருக்கும், ஊர் கூடுவதே அவருக்காக இருக்கும், வாரிசு மட்டும் அப்பாவுக்கு.

இதே மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், 1916-இல் ஒரு பெண் பிறந்தார். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின். மகள் பத்து வயது வாக்கில் இசைத்தட்டில் பாடினார். 1936-இல் அம்மாவையும் மதுரையையும் விட்டுச் சென்னைக்குப் போனார். 1938-இலிருந்து 1945-க்குள் நான்கு படங்களில் நடித்தார், ஒன்றில் ஆண் வேடத்தில் நாரதராக. பிறகு சினிமாவை விட்டுவிட்டுப் பாட்டிலேயே நின்றார். அம்மாவைவிடப் பல மடங்கு பெரிய பெயர். ஆனால் எம்.எஸ். என்று உலகம் கூப்பிட்ட இரண்டு எழுத்தில் ஒன்று மதுரை, மற்றது சண்முகவடிவு. சுப்புலட்சுமி என்ற சொந்தப் பெயரையே விட்டுவிட்டு, ஊரையும் அம்மாவையும் சொல்லித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பையனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. “அதைத்தான் நானும் கேக்குறேன்” என்றான்.

இப்போது அவன் மாமாவிடம் கேட்டிருப்பது வேறு வரி: அம்மா பெயரைப் போட்டு, ‘அவர்களின் புதல்வர்’. மாமாவுக்கு ஆட்சேபம் இல்லை, அவருக்கு வரி ஒன்றுதான், மை ஒன்றுதான். ஏஜென்ட் வழக்கமில்லை என்கிறார். தடுக்கிறது அம்மாதான். அச்சகத்துக்கே நேரில் வந்துவிட்டார். “தம்பி, என் பேரைப் போடாதீங்க. மேடையில கை தட்டுறவன்தான் பொண்ணு பாக்கப் போனா ஸ்திரீபார்ட் மகனான்னு கேக்குறான். இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல” என்றார். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அப்படிக் கேட்கிற வீட்டில் எனக்குப் பெண் வேண்டாம் என்றான். இருவரும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். தர்க்கத்தில் அம்மாவிடம் அவன் ஜெயித்து நான் பார்த்ததில்லை. இருபது வருடம் வள்ளி கட்டியவர். பங்குனி நோட்டீஸுக்கு மாமா இரண்டு புரூஃப் எடுத்து வைத்திருக்கிறார், ஒன்றில் வரி உண்டு, ஒன்றில் இல்லை. மாசி முடிவதற்குள் யாராவது ஒருவர் வந்து சொல்லியாக வேண்டும், அதற்கு மேல் மிஷினை நிறுத்தி வைக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.